வாய்வு என்று சொன்னேன்

1

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, லண்டன் கோலியர்ஸ் வுட்டில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருந்தபடி, முகம் தெரியாத ஒரு அம்மாவுக்கு மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். அவர் எந்த ஊரில் எந்த டொக்டருக்கு முன்னால் இருந்தார் என்று எனக்குத் தெரியாது. தெரியவும் கூடாது. இருபத்திரண்டு வருடமாக இதுதான் என் தொழில். முன்பு குரோய்டன் குடிவரவு அலுவலகம், நீதிமன்றம், ஆஸ்பத்திரி என்று கோட்டும் குடையுமாக அலைந்தேன். இப்போது எல்லாம் தொலைபேசியில் வந்துவிட்டது. காதில் ஒன்றை மாட்டிக்கொண்டு, சாரத்தைக் கட்டிக்கொண்டு வீட்டில் இருந்தே பிழைப்பு நடத்தலாம்.

எங்கே நோகிறது என்று டொக்டர் கேட்டார். நான் தமிழில் கேட்டேன்.

"நெஞ்சுக்குள்ள வாய்வு, தம்பி. ரெண்டு நாளாப் பிரட்டிப் பிரட்டிக் குத்துது."

நம்முடைய வாய்வுக்கு உடம்பில் போகாத இடமில்லை. முழங்காலுக்குள் வாய்வு, முதுகில் வாய்வு, விலாவில் வாய்வுக் குத்து, தலைக்குள் ஏறின வாய்வு. ஆங்கிலக்காரனுடைய வாய்வுக்கு ஒரே வீடு, வயிறு. அந்தச் சொல்லை அப்படியே கொடுத்தால், வெங்காயத்தைக் குறையுங்கள் என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். ஆனால் எங்கள் தொழிலில் ஒரு விதி இருக்கிறது. சொன்னதைச் சொல்ல வேண்டும். கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது. மொழிபெயர்ப்பாளருக்கு அபிப்பிராயம் கிடையாது.

இணைப்பு அறுந்துவிட்டது என்று நினைத்த டொக்டர் இரண்டு தரம் ஹலோ என்றார். பிறகு நான் சொன்னேன்: "டொக்டர், மொழிபெயர்ப்பாளர் தன் சார்பில் பேசுகிறார். எங்கள் ஆட்கள் நெஞ்சு நோவையும் வாய்வு என்பார்கள். தயவுசெய்து இதயத்தைப் பாருங்கள். இப்போதே பாருங்கள்." கடைசி வசனத்தில் என் குரல் உயர்ந்துவிட்டது.

இரண்டு கிழமை கழித்து வேலை தரும் நிறுவனத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. நடத்தை விதியின் இன்ன பிரிவின்படி நான் மருத்துவ ஆலோசனை வழங்கியிருக்கிறேனாம். 'வாசித்து விளங்கிக்கொண்டேன்' என்ற கட்டத்தில் அமத்தச் சொல்லியிருந்தார்கள். அமத்தினேன். அந்த அம்மாவுக்கு என்ன நடந்தது என்று கேட்டு ஒரு வரி எழுதினேன். அந்தரங்கத் தகவல், சொல்ல இயலாது என்று ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது.

இருபத்திரண்டு வருடம் விதியைக் காத்தவன் ஏன் அன்றைக்கு மீறினான் என்று ஊரில் இருந்து வாசிக்கிற நீங்கள் கேட்கலாம். போன வருடம் ஸ்பெயின் தேசத்து மலை ஊர் ஒன்றில் நான் ஒரு சொல்லைக் குறைத்தேன். என் மனைவி புவனா அங்கே இறந்தாள். அவளுடைய ஆண்டுத் திவசம் இந்த மாதம் வந்தது.

2

பயணத்தை ஒழுங்குசெய்தவள் எங்கள் மகள் ஆரபி. ஒரே பிள்ளை. இருபத்தெட்டு வயது. பாலங்களுக்குக் கணக்குப் பார்க்கிற பொறியியலாளர். பிளேஸ்டோவில் ஒரு ஃபிளாட்டில் தனியாக இருக்கிறாள். லண்டனின் அந்தக் கரைக்கும் இந்தக் கரைக்கும் ரயிலில் ஒன்றேகால் மணித்தியாலம். ஆனால் நாலு வருடமாக அவள் வீட்டுக்கு வந்தது பொங்கலுக்கும் தாயின் பிறந்தநாளுக்கும் மட்டும்தான்.

பிழை எங்களில்தான். அவளிடம் கேட்காமல் சாதகத்தை நாலு இடத்தில் கொடுத்துவிட்டோம். நானும் புவனாவும் அதைப் பற்றி அவள் முன்னாலேயே தமிழில் கதைத்துக்கொள்வோம். மாப்பிள்ளைக்கு எட்டில் செவ்வாய், தாய் கொஞ்சம் கெடுபிடி, பெடியன் நல்ல பெடியன் என்று சோற்றைப் பிசைந்துகொண்டே கதைப்போம். அவள் எதிரில் இருந்து தன் போனைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பத்து வயதுக்குப் பிறகு அவள் தமிழில் வாய் திறந்ததில்லை. எதைக் கேட்டாலும் ஆங்கிலத்தில்தான் பதில். ஏன் நிறுத்தினாள் என்று நாங்கள் யோசிக்கவில்லை. இங்கே எல்லா வீட்டிலும் அப்படித்தான் என்று ஆளுக்காள் ஆறுதல் சொல்லிக்கொண்டோம். ஒரு வகையில் அது வசதியாகவும் இருந்தது. வீட்டுக்குள்ளேயே ஒரு இரகசிய மொழி.

சாதக விஷயம் எப்படியோ அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரிய சண்டை. அடுத்த மாதம் பெட்டிகளோடு போய்விட்டாள்.

அதனால்தான், எங்கள் முப்பதாவது கலியாண நாளுக்கு நாலு நாள் எங்களைக் கூட்டிக்கொண்டு போகப் போவதாக அவளே கூப்பிட்டுச் சொன்னபோது, புவனா போனை வைத்துவிட்டுச் சாமி அறைக்குள் போய் நின்று அழுதாள். ரொண்டா என்று ஒரு ஊர். மலையைக் கத்தியால் வெட்டிய மாதிரி நடுவில் பெரும் பள்ளம், இரண்டு பாதியையும் சேர்த்து ஒரு பழைய கல் பாலம். அந்தப் பாலத்தை ஆரபி படிக்கிற காலத்திலிருந்தே பார்க்க விரும்பினாளாம். தன் ஆசையைத் தாய் தகப்பனுக்கும் காட்ட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறதே, அது போதும் எங்களுக்கு.

புவனா பதினெட்டு வருடம் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் நின்றவள். பிறஷருக்குக் குளிசை எடுக்கிறவள். புறப்பட முதல் இரண்டு மூன்று கிழமையாகப் படி ஏறினால் நெஞ்சு அடைக்குது என்றாள். வாய்வு என்று அவளே சொன்னாள், இஞ்சி அவித்துக் குடித்தாள். டொக்டரிடம் போகலாமா என்று ஒரு நாள் கேட்டாள். போய்வந்து பார்ப்பம் என்றேன். வருத்தம் என்று தெரிந்தால் பிள்ளை பயணத்தை நிறுத்திவிடுவாள் என்று இரண்டு பேருக்கும் பயம்.

3

கற்விக்கில் விமானம் ஏறி மலாகாவில் இறங்கி, அங்கிருந்து பஸ்ஸில் இரண்டு மணித்தியாலம். மலைப் பாதை சுற்றிச் சுற்றி ஏறியது. வழியெல்லாம் ஒலிவ மரங்கள், வரிசை பிசகாமல். புவனா கண்ணை மூடிக்கொண்டு எலுமிச்சம்பழத்தை மணந்தபடி வந்தாள்.

ஊர் வெள்ளை. சுவரெல்லாம் வெள்ளைச் சுண்ணாம்பு, யன்னல்களுக்கு இரும்புக் கிராதி, தெருவெல்லாம் உருண்டைக் கல். ஒரு காலத்தில் இஸ்லாமிய அரசர்கள் ஆண்ட இடம். பழைய குளிப்பு மண்டபங்கள் இன்னும் இருக்கின்றன. மாட்டுச் சண்டை மைதானம் ஒன்றும் இருக்கிறது. புவனா அதற்குள் வர மறுத்து வாசலில் இருந்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை பாலத்தில் ஏறி நின்றோம். கீழே பார்த்தால் கால் கூசும். நூறு மீற்றர் இருக்கும். பாலத்தின் வயிற்றுக்குள் ஒரு அறை இருக்கிறது. அதை முன்பு சிறையாகப் பாவித்தார்களாம். அங்கே நின்ற வழிகாட்டி ஸ்பானிஷில் சொல்ல, அந்த மொழியைப் பள்ளிக்கூடத்திலேயே படித்திருந்த ஆரபி ஆங்கிலத்தில் எங்களுக்குச் சொன்னாள்.

"பாலத்துக்குள்ள மறியலோ?" என்றாள் புவனா. "அட கடவுளே. ஆறு ஓடுற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இருந்திருப்பினம்."

உள்நாட்டுச் சண்டைக் காலத்தில் ஆட்களை இந்தச் செங்குத்திலிருந்து தள்ளிவிட்டதாகவும் ஊரில் ஒரு கதை இருக்கிறது. வழிகாட்டி அதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்தினார். யார் யாரைத் தள்ளினது என்று நான் கேட்டேன். ஆரபி கேட்டுச் சொன்னாள்: ஒரே ஊர் ஆட்கள்தான், அயலவர்கள்தான். புவனா கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தாள். எங்கள் ஊர்ச் சண்டையைவிட்டு நாங்கள் ஏன் லண்டனுக்கு வந்தோம் என்று மூன்று பேரும் யோசித்திருப்போம். ஒருவரும் சொல்லவில்லை.

ஆனால் அந்த இரண்டு நாளும் புவனாவுக்குச் சந்தோஷம்தான். அதை நான் மறைக்கக் கூடாது. ஆரபி கடைக்காரரோடும் பஸ் சாரதியோடும் ஸ்பானிஷில் கதைக்கக் கதைக்க, இவள் என் கையைக் கிள்ளுவாள். "பாத்தியளோ, என்ர பிள்ளை எப்பிடிக் கதைக்குது எண்டு. அவையளே திகைச்சுப்போய் நிக்கினம்." தனக்கு ஒரு சொல்லும் விளங்காத மொழியில் மகள் பேசுவதைக் கேட்டு அப்படி ஒரு பெருமை. தமிழில் பேசாத மகள்தான். அந்த நினைப்பு எனக்குத்தான் வந்தது, அவளுக்கு வரவில்லை.

4

சனிக்கிழமைதான் கலியாண நாள். காலையில் பாணைச் சுட்டுத் தக்காளியும் ஒலிவ எண்ணெயும் பூசித் தந்தார்கள். புவனா ஒரு துண்டுதான் சாப்பிட்டாள்.

பாலத்தைக் கீழிருந்து பார்த்தால்தான் அதன் அழகு தெரியும் என்றாள் ஆரபி. பள்ளத்துக்குள் இறங்க ஒரு பாதை இருக்கிறது. இறங்கும்போது ஒன்றுமில்லை. பாதி தூரத்தில் நின்று படம் எடுத்தோம். திரும்பி ஏறும்போது புவனா நின்று நின்று வந்தாள். ஒரு வளைவில் கல் ஒன்றின்மேல் இருந்துவிட்டாள். நெற்றி நனைந்திருந்தது. அன்றைக்கு அவ்வளவு வெயிலும் இல்லை.

"இஞ்சருங்கோ, நெஞ்சுக்குள்ள இறுக்கிப் பிடிக்குது. இடது கை விறைச்ச மாதிரிக் கிடக்கு."

"வாய்வாயிருக்கும். காலமை அந்த எண்ணெய்ப் பாணைத் திண்டனீரெல்லே."

"வாய்வு மாதிரி இல்லையப்பா. கை விறைக்குது."

"சும்மா இரும். பிள்ளை பயப்பிடப் போறாள்."

இதுதான் நாங்கள் கதைத்தது. ஒரு சொல்லும் கூட்டாமல் எழுதியிருக்கிறேன். இந்தத் தொழிலில் இருந்ததால் கேட்டதை அப்படியே மனதில் வைத்துக்கொள்ளும் பழக்கம் எனக்கு உண்டு. இந்த ஒரு வருடத்தில் அந்தப் பழக்கத்தைச் சபிக்காத நாளில்லை.

நாலைந்து படி பின்னால் வந்த ஆரபி, அம்மாவுக்கு என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டாள். வாய்வுதான், வேறொன்றுமில்லை என்று ஆங்கிலத்தில் சொன்னேன். நிச்சயமா என்று கேட்டாள். ஓம் ஓம் என்றேன். அவள் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

மேலே வந்ததும் பச்சைச் சிலுவை போட்ட மருந்துக் கடை ஒன்றுக்குள் போனோம். கண்ணாடி போட்ட நடுத்தர வயது அம்மா. பொறுமையான மனிசி. எங்கே நோ, எவ்வளவு நேரமாக, வேறெங்கும் பரவுகிறதா என்று ஸ்பானிஷில் கேட்டார். ஆரபி அதை ஆங்கிலத்தில் என்னிடம் கேட்டாள். நான் தமிழில் புவனாவிடம் கேட்டேன். புவனா நெஞ்சின் நடுவைத் தொட்டாள். பிறகு, கடை அம்மா வேறொருவருக்குச் சில்லறை கொடுக்கத் திரும்பிய நேரம், இடது கையை வலது கையால் மேலிருந்து கீழாக உருவிக் காட்டினாள். "இது முழுக்க விறைப்பு" என்றாள்.

நான் ஆரபியிடம் ஆங்கிலத்தில் சொன்னது: "நெஞ்சு நடுவிலே. வாய்வு."

கை விறைப்பைச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

ஏன் என்று ஒரு வருடமாக என்னையே கேட்கிறேன். எனக்குத் தெரியாமல் இல்லை. கை விறைத்தால் என்ன அர்த்தம் என்று ஆயிரம் தரம் டொக்டர்மார் சொல்லக் கேட்டு, ஆயிரம் தரம் தமிழாக்கிக் கொடுத்தவன் நான். ஆனால் அந்தச் சொல்லைச் சொன்னால் ஆஸ்பத்திரி, படிவம், காத்திருப்பு. நாலு வருடத்துக்குப் பிறகு கிடைத்த நாலு நாள் குழம்பிவிடும். மத்தியானத்துக்கு ஆரபி ஒரு இடத்தில் மேசை பிடித்து வைத்திருந்தாள், கேக் கூடச் சொல்லியிருந்தாள். இவ்வளவுதான் காரணம். எழுதிப் பார்க்கும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது.

ஆரபி தாயைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு மருந்துக் கடை அம்மாவுக்கு நான் சொன்னதை ஸ்பானிஷில் சொன்னாள். தண்ணீரில் கரைக்கிற குளிசை கொடுத்தார்கள். அதைக் குடித்துவிட்டுக் கொஞ்சம் சுகம்போலக் கிடக்கு என்றாள் புவனா. எங்களுக்காகத்தான் அப்படிச் சொன்னாள் என்று இப்போது நினைக்கிறேன்.

சாப்பாட்டு மேசையில் போய் இருந்த பிறகு முக்கால் மணித்தியாலம் போயிருக்கும். கேக் வந்தது. புவனா அதைப் பார்த்துச் சிரித்தாள். அப்படியே மேசைப்பக்கம் சாய்ந்தாள்.

5

அம்புலன்ஸ் விரைவாகத்தான் வந்தது. ஆஸ்பத்திரியில் ஓடி ஓடித்தான் பார்த்தார்கள். அவர்கள்மேல் எந்தக் குறையும் சொல்ல எனக்கு வாயில்லை. ஒரு இளம் டொக்டர் வெளியே வந்து ஆரபியிடம் எதையோ கேட்டாள். ஆரபி என் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் கேட்டாள்: "கை நோகுது, விறைக்குது என்று அம்மா முன்னமே ஏதும் சொன்னவவோ?"

இல்லை என்றேன்.

ஆரபி என்னைப் பார்த்தாள். பிறகு டொக்டரிடம் திரும்பி, இல்லை என்றாள். ஸ்பானிஷிலும் அந்தச் சொல் ஆங்கிலத்தைப் போலத்தான் ஒலிக்கும், எனக்கு விளங்கியது.

அந்தப் பதிலால் புவனா சாகவில்லை. இதயத்தைப் பார்க்கிற மெஷின் ஏற்கெனவே எல்லாவற்றையும் டொக்டருக்குச் சொல்லியிருந்தது. ஆனாலும் பொய் பொய்தான். பின்னேரம் நாலு மணிக்கு முன்னம் முடிந்துவிட்டது. டொக்டர் நீளமாக ஏதோ விளங்கப்படுத்தினாள். மணிக்கூட்டைக் காட்டிக் காட்டிச் சொன்னாள். ஆரபி அதை எனக்கு மொழிபெயர்க்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி அலுவலகத்தில் கடதாசிகள். எனக்குப் பழக்கமான உலகம் அது. பழக்கமானதால் அதற்குள் போய் ஒளித்துக்கொண்டேன் என்றும் சொல்லலாம். ஸ்பெயினில் ஆளுக்கு இரண்டு குடும்பப் பெயர், ஒன்று தகப்பன் வழி, மற்றது தாய் வழி. இறந்தவரின் தாயின் பெயர் என்ன என்று படிவம் கேட்டது. எழுதுகோலை எடுத்த நான் அப்படியே இருந்துவிட்டேன். எனக்குத் தெரியவில்லை. முப்பது வருடம் மாமி, மாமி என்றேன். எங்கள் கலியாண அழைப்பிதழில்கூட மாமாவின் பெயரைப் போட்டுப் பக்கத்தில் தம்பதியினர் என்றுதான் அடித்திருந்தது. தங்கம் என்று கூப்பிடுவார்கள். அது வீட்டுப் பெயர்.

ரொறன்ரோவில் இருக்கிற புவனாவின் தங்கச்சி கலாவுக்குக் கூப்பிட்டேன். அங்கே காலை. தேத்தண்ணி போட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள்.

"கலா, மாமியின்ர முழுப்பேர் என்ன?"

"அம்மான்ர பேரோ? இராசமலர். ஏன் அத்தான் திடீரெண்டு? அக்காட்டக் கேக்கலாமே. அக்கா எங்க?"

அவளுக்கு நான் இன்னும் அறிவிக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு படிவத்தின் கட்டத்தை நிரப்பக் கூப்பிட்டு, அந்த வழியால்தான் தமக்கையின் சாவை அவளுக்குச் சொன்னேன். அவள் கத்தின சத்தம் அந்தக் கந்தோரில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்டது. எழுத்தெழுத்தாக எழுதச் சொல்லி எழுதுவினைஞர் கடதாசியை என் பக்கம் தள்ளினார். இராசமலர் என்று இங்கிலிஷ் எழுத்தில் எழுதிக் கொடுத்தேன்.

உடலை லண்டனுக்குக் கொண்டுவர ஒன்பது நாள் எடுத்தது. அந்த ஒன்பது நாளும் ஆரபியும் நானும் ஒரே விடுதியில் பக்கத்துப் பக்கத்து அறையில் இருந்தோம். யன்னலைத் திறந்தால் பாலம். நான் திறக்கவில்லை. காலையில் கடதாசி அலுவலாகப் போவோம், வருவோம். அவள் ஸ்பானிஷில் கதைப்பாள், ஆங்கிலத்தில் சொல்வாள், நான் கையெழுத்துப் போடுவேன். சாப்பிட்டீங்களா என்பாள். ஓம் என்பேன். அதற்குமேல் எங்களுக்குள் ஒன்றும் இல்லை.

6

லண்டனில் செத்தவீட்டுக்குச் சனம் நிறைய வந்தது. சவச்சாலை வாசலில் நின்று ஆரபி தன் சித்தி கலாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஆங்கிலத்தில் சொன்னதை நான் என் காதால் கேட்டேன். "நான்தான் அம்மாவை அங்கே கூட்டிக்கொண்டு போனேன். வாய்வு என்று மருந்துக் கடையில் சொன்னதும் நான்தான்."

"நீ என்ன செய்யிறது குஞ்சு, உனக்கு எப்பிடித் தெரியும்" என்று கலா முதுகைத் தடவினாள்.

நான் மூன்று அடி தள்ளி நின்றேன். அந்த இடத்தில் ஒரே ஒரு வசனம் சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. ஆட்கள் வந்து கையைப் பிடித்தார்கள், ஆறுதல் சொன்னார்கள், நான் தலையை ஆட்டினேன்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து எல்லாரும் போன பிறகு வீடு எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வேலைக்குத் திரும்பினேன். தெரியாத மனிதர்களின் நோவையெல்லாம் இந்த மேசையிலிருந்து மொழிபெயர்த்தேன். ஆரபி ஞாயிறு தோறும் கூப்பிட்டாள். பத்து நிமிடம். குளிசை எடுக்கிறீங்களா, கவுன்சில் கடிதம் ஏதும் வந்ததா. வேலையில் அவளுக்கு நித்திரையில்லாத வருத்தம் என்று லீவு கொடுத்திருக்கிறார்கள் என்பதை வேறொருவர் சொல்லித்தான் அறிந்தேன். கிழமைக்கு ஒரு நாள் யாரோ ஒருவரிடம் போய்க் கதைக்கிறாளாம். தான் செய்த பிழைபற்றிக் கதைக்கப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அது என் பிழை. அதைச் சுமக்க நான் அவளை விட்டிருந்தேன். அதைவிடக் கேவலம் என்னவென்றால், சொன்னால் ஞாயிற்றுக்கிழமை அந்தப் பத்து நிமிடமும் போய்விடும் என்று பயந்துதான் விட்டிருந்தேன்.

அந்த முகம் தெரியாத அம்மாவின் குரலைக் கேட்ட அன்றைக்குத்தான் முடிவெடுத்தேன். திவசத்தன்று சொல்லுவது என்று.

7

ஐயர் எட்டு மணிக்கு வந்து பத்தரைக்குப் போனார், அவருக்கு ஹறோவில் இன்னொரு வீட்டுத் திவசம் இருந்தது. சமையல் சாமான் எல்லாம் ரூட்டிங்கில் வாங்கினேன். உறவினர் நாலைந்து பேர் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். ஆரபி நின்றுவிட்டாள். பெரிய சட்டிகளைக் கழுவித் துடைத்துக்கொண்டிருந்தாள். மத்தியானம் இரண்டு மணி, சமையலறை யன்னலால் நல்ல வெயில். நான் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தேன்.

ஆங்கிலத்தில் சொல்லத்தான் இரண்டு கிழமையாக வசனம் தயார்படுத்தி வைத்திருந்தேன். சொற்களை அடுக்குவது என் தொழில். "அன்றைக்கு அந்தப் பாதையில் வைத்து அம்மா இன்னுமொரு விஷயம் சொன்னவ" என்று தொடங்கினேன்.

ஆரபி சட்டியை வைத்தாள். திரும்பவில்லை.

"கை விறைக்குது எண்டு" என்றாள்.

தமிழில் சொன்னாள். பதினெட்டு வருடத்துக்குப் பிறகு அவள் வாயில் வந்த தமிழ். எனக்கு முதலில் அது புவனாவின் குரல் போலத்தான் கேட்டது.

"உமக்குக் கேட்டதோ?"

"பின்னாலதானே வந்தனான். கேட்டது. மருந்துக் கடையிலயும் கேட்டது."

"விளங்கினதோ, பிள்ளை?"

"எனக்கு எல்லாம் விளங்கும், அப்பா. சின்னனில இருந்தே விளங்கும்."

எத்தனை வருடம், எத்தனை கதை அவள் முன்னால் கதைத்திருப்போம் என்று மனம் எண்ணத் தொடங்கியது. ஆனால் வாயில் வந்தது வேறு கேள்வி. அதைக் கேட்க எனக்கு என்ன உரிமை என்று யோசிக்க முதல் கேட்டுவிட்டேன்.

"பின்ன ஏன் நீர் ஒண்டும் சொல்லேல்லை?"

அவள் துணியை மடித்தாள். திரும்ப விரித்தாள்.

"நான் பிழையா விளங்கிட்டன் எண்டு நினைச்சன். ஏழு வயசில, குளிருது எண்டு சொல்லத் தெரியாம, 'எனக்குக் குளிக்குது' எண்டு சொன்னனானாம். ஞாபகமிருக்கோ? பேத்டே பார்ட்டியில, கோயில்ல, எல்லா இடத்திலயும் நீங்க அதைச் சொல்லுவீங்க. எல்லாரும் சிரிப்பினம். அம்மாவும்தான். நான் தமிழ்ல எது சொன்னாலும் ஆரோ ஒராள் சிரிக்கும். அதுதான் விட்டனான்."

அந்தப் பகிடியைப் போன தைப்பொங்கலுக்கு முந்தின பொங்கலுக்குக்கூடச் சொல்லியிருக்கிறேன்.

"அண்டைக்கு நீங்க 'வாய்வு' எண்டு சொன்னீங்க. கையைப் பற்றிச் சொல்லேல்லை. நீங்க கோர்ட்டில, ஆஸ்பத்திரியில எல்லாம் தமிழ் சொல்லுற ஆள். அப்ப என்ர தமிழ்தானே பிழையா இருக்கும். ஆஸ்பத்திரியில திருப்பியும் கேட்டன். நீங்க 'இல்லை' எண்டீங்க. சரி, நான்தான் பிழை எண்டு நினைச்சன். ஒரு வருஷமா அப்பிடித்தான் நினைக்கப் பாக்கிறன்."

"ஆரையும் கேட்டிருக்கலாமே, குஞ்சு."

"ஆரைக் கேக்கிறது? போன்ல தேடலாம் எண்டா எனக்கு எழுதத் தெரியாது. சித்தியைக் கேட்டா ஏன் எண்டு கேப்பா."

அவள் வந்து மேசைக்கு மற்றப் பக்கம் இருந்தாள். கண்ணைத் துடைக்கவில்லை. சிறுபிள்ளை பாடத்தில் சந்தேகம் கேட்பதுபோல, ஒவ்வொரு சொல்லாக, நான் எங்காவது சிரித்துவிடுவேனோ என்று என் வாயைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"விறைக்கிறது எண்டா, அப்பா, விண்டர்ல கையுறை இல்லாம நிண்டா விரலுக்கு வருமே, தொட்டாலும் தெரியாதே. அதுதானே?"

அவளுடைய தமிழில் ஒரு பிழையும் இல்லை. கூட்டவும் குறைக்கவும் ஒன்றும் இல்லை.

"ஓம்" என்றேன்.